சரக்குப் பாதைகளில் இரயில் ஆர்வலர் சுற்றுலா

இரயில் ஆர்வலர் சுற்றுலா என்பது, ஊர் போய்ச் சேருவதற்காக அல்லாமல், இரயில் பாதையையும் வண்டியையும் அனுபவித்துப் பார்ப்பதற்காகவே ஏற்பாடு செய்யப்படும் சிறப்பு இரயில் பயணம் ஆகும். இதில் ஒரு தனி வகை, பயணிகள் இரயில் ஓடாத சரக்குப் பாதைகளுக்குச் செல்வது. துறைமுகம், சுரங்கம், அனல்மின் நிலையம், சிமெண்ட் ஆலை, எண்ணெய்க் கிடங்கு போன்றவற்றுக்குச் செல்லும் கிளைப் பாதைகளுக்குப் பயணச்சீட்டு கிடையாது. கால அட்டவணையிலும் அவை இடம்பெறுவதில்லை. ஆர்வலர் சுற்றுலா மட்டுமே அங்கே பொதுமக்களை ஒரு நாள் கொண்டுசெல்கிறது.

இவ்வகைச் சுற்றுலா பிரித்தானியாவில் வேரூன்றி வளர்ந்தது. இந்தியாவில் இது அரிது. இக்கட்டுரை அதன் தோற்றம், ஒரு நாள் பயணம் நடக்கும் விதம், இந்திய விதிமுறைகள் ஆகியவற்றை விளக்குகிறது. பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஐயம்பேட்டை வட்டாரத்தின் வழியே செல்லும் செங்கல்பட்டு–அரக்கோணம் பாதையும் எடுத்துக்காட்டாக விளக்கப்படுகிறது.

சரக்குப் பாதை என்றால் என்ன

இரயில் பாதைகளைப் பயன்பாட்டின்படி மூன்றாகப் பிரிக்கலாம். பயணிகள் வண்டியும் சரக்கு வண்டியும் சேர்ந்து ஓடும் பாதை முதல் வகை. நம் ஊர்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவையே. சரக்குக்கு மட்டுமே உரிய பாதை இரண்டாவது. தொழிற்சாலை வளாகத்துக்குள்ளோ துறைமுகத்துக்குள்ளோ செல்லும் தனியார் சைடிங் மூன்றாவது. கடைசி இரண்டும் பொதுமக்கள் கண்ணில் படுவதில்லை.

இந்திய இரயில்வேயின் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சரக்குப் போக்குவரத்திலிருந்து வருகிறது. அந்த வருவாயை ஈட்டித் தரும் பாதைகளில் பலவற்றைப் பயணிகள் அறிய மாட்டார்கள். தமிழ்நாட்டில் கொருக்குப்பேட்டையிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்குச் செல்லும் பாதை, அத்திப்பட்டுப் பகுதியிலிருந்து காமராஜர் துறைமுகத்துக்கும் வடசென்னை அனல்மின் நிலையத்துக்கும் செல்லும் நிலக்கரிப் பாதைகள், தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் செல்லும் பாதை ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள்.

இந்தியாவின் முதல் இரயில் பாதையே சரக்குப் பாதைதான். 1837ஆம் ஆண்டு செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை கற்களை ஏற்றிச் செல்ல ஒரு பாதை அமைக்கப்பட்டது. பம்பாய்–தானே இடையே 1853இல் முதல் பயணிகள் இரயில் ஓடியதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் சக்கரங்கள் தண்டவாளத்தில் உருண்டுவிட்டன. ஆனால் அந்தப் பாதை நிலைக்கவில்லை. அது சென்ற தடத்தை இன்று தெருவில் நின்று காட்ட முடியாது. பயணிகள் ஓடாத பாதைக்கு நேரும் கதி இதுவே. தேவை முடிந்ததும் தண்டவாளம் பெயர்க்கப்படும், அதை நினைவில் வைத்திருக்க யாரும் இருக்க மாட்டார்கள். ஆர்வலர் சுற்றுலாவின் முக்கியத்துவத்தை இந்தப் பின்னணியில் புரிந்துகொள்ள வேண்டும்.

தோற்றமும் வளர்ச்சியும்

பிரித்தானியாவில் இரயில் ஆர்வலர் சங்கங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உருவாகிவிட்டன. ஸ்டீபன்சன் லோகோமோட்டிவ் சொசைட்டி 1909இலும், இரயில்வே கரஸ்பாண்டன்ஸ் அண்ட் டிராவல் சொசைட்டி 1928இலும் தொடங்கப்பட்டன. 1938இல் இரயில்வே கரஸ்பாண்டன்ஸ் அண்ட் டிராவல் சொசைட்டி, 1870இல் கட்டப்பட்டு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்த ஒரு நீராவி இஞ்சினை வாடகைக்கு எடுத்து, லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து பீட்டர்பரோவுக்குச் சிறப்பு இரயில் விட்டது. இன்றைய ஆர்வலர் சுற்றுலாவின் முன்னோடிகளில் ஒன்றாக இப்பயணம் கருதப்படுகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிளைப் பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது இவ்வார்வம் பெருகியது. கிளைப் பாதைகளுக்கென்றே 1955இல் பிராஞ்ச் லைன் சொசைட்டி தோன்றியது. 1963இல் வெளியான பீச்சிங் அறிக்கை 2,363 நிலையங்களையும் ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் பாதையையும் மூடப் பரிந்துரைத்தது. மூடும் முன் ஒருமுறை போய்வந்துவிட வேண்டும் என்ற அவசரம் ஆர்வலர்களைப் பிடித்துக்கொண்டது. பயணிகள் பெட்டி செல்ல முடியாத இடங்களுக்குச் சரக்கு வண்டியின் பிரேக் வேன்களிலும் திறந்த வேகன்களிலும் ஆட்களை ஏற்றிச்சென்ற சுற்றுலாக்களும் 1950களிலும் 1960களிலும் நடந்தன. இன்றைய பாதுகாப்பு விதிகளின்படி முதன்மை இரயில் பாதைகளில் அப்படிச் செல்ல முடியாது.

1968 ஆகஸ்ட் 11 அன்று பிரித்தானிய இரயில்வே தன் நீராவிக் காலத்தை ஒரு சிறப்பு இரயிலோடு முடித்துக்கொண்டது. லிவர்பூலிலிருந்து மான்செஸ்டர் வழியாகக் கார்லைல் சென்று திரும்பிய அவ்வண்டிக்குக் கட்டணம் 15 கினி. அக்காலத்துக்கு அது மிகப் பெரிய தொகை. எனவே அந்த வண்டிக்கே ‘பதினைந்து கினி சிறப்பு இரயில்’ என்ற பெயர் நிலைத்தது. நீராவி போன பின் டீசல் இஞ்சின்கள் மீதும், அதைவிடப் பாதைகளின் மீதும் ஆர்வலரின் கவனம் திரும்பியது. வரைபடத்தில் தாம் பயணித்த பாதைகளை வண்ணம் தீட்டிக்கொண்டே வந்து, எஞ்சிய வெள்ளைக் கோடுகளை நிரப்பத் துடிப்பவர்கள் அவர்கள். அந்த வெள்ளைக் கோடுகள் பெரும்பாலும் சரக்குப் பாதைகளாகவே இருக்கும்.

ஒரு நாள் பயணம் நடக்கும் விதம்

திட்டமிடல்: பயணத்தை நடத்தும் சங்கமோ நிறுவனமோ பல மாதங்களுக்கு முன்பே வேலையைத் தொடங்கும். இரயிலை இயக்க உரிமம் பெற்ற நிறுவனத்திடம் இஞ்சின், பெட்டிகள், ஓட்டுநர்களை வாடகைக்கு எடுக்க வேண்டும். தண்டவாளத்தைப் பராமரிக்கும் அமைப்பிடம் நேர ஒதுக்கீடு பெற வேண்டும். பாதை தொழிற்சாலைக்குள் நுழைந்தால் அந்த உரிமையாளரின் அனுமதியும் தேவை. சரக்கு நடமாட்டம் குறைந்திருக்கும் சனி, ஞாயிறுகளில்தான் இத்தகைய பயணங்கள் பெரும்பாலும் நடக்கின்றன.

இரண்டு இஞ்சின்கள்: சாதாரண இரயிலில் இஞ்சின் ஒரு முனையில் இருக்கும். கடைசி நிலையத்தில் அதைக் கழற்றி, பக்கத்து லூப் லைன் வழியே மறுமுனைக்குக் கொண்டுவந்து மாட்டுவார்கள். பல சரக்குக் கிளைகளில் அதற்கான லூப் இருக்காது, இருந்தாலும் நீளம் போதாது. ஆகவே சுற்றுலா இரயிலின் இரு முனைகளிலும் இஞ்சின் மாட்டப்படும். முட்டுக்கட்டை வரை போய்விட்டு, பின்முனை இஞ்சின் இழுக்க, வந்த வழியே திரும்பலாம்.

பாதையறிவு: எந்த ஓட்டுநரும் தான் அறியாத பாதையில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்படுவதில்லை. சரிவு எங்கே, வளைவு எங்கே, சிக்னல் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவிலும் லோகோ பைலட்டுகள் புதிய பாதையில் குறிப்பிட்ட தடவைகள் பயணித்துப் பழகி, பாதையை அறிந்துகொண்டதாகக் கையொப்பமிட்ட பிறகே தனியாக ஓட்ட முடியும். மாதத்துக்கு ஓரிரு வண்டிகளே செல்லும் பாதையை அறிந்த ஓட்டுநர் கிடைப்பதே அரிது. ஒரு பயணம் கைவிடப்பட இதுவும் காரணமாகலாம்.

புறப்பாடு: பயணம் பெரும்பாலும் விடியற்காலையில் ஒரு பெரிய நிலையத்தில் தொடங்கும். வழியில் இரண்டு மூன்று நிலையங்களில் ஆட்களை ஏற்றிக்கொள்ளும். ஒவ்வொருவருக்கும் அன்றைய பயணக் குறிப்பேடு தரப்படும். எந்தப் பாதை எந்த ஆண்டில் திறக்கப்பட்டது, பயணிகள் சேவை எப்போது நின்றது, எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும், எந்த இடத்தில் எந்தத் தண்டவாளத்துக்கு மாற வேண்டும் என்பவை அதில் இருக்கும். பலர் கையில் பேனாவுடன் அதைப் பின்தொடர்ந்து, திட்டமிட்ட நேரத்துக்குப் பக்கத்தில் உண்மையான நேரத்தை எழுதிக்கொண்டே வருவார்கள்.

கிளைக்குள் நுழைதல்: முதன்மைப் பாதையில் விரைந்து வரும் வண்டி, கிளை பிரியும் இடத்தில் ஏறக்குறைய நின்றுவிடும். பல இடங்களில் பாயிண்டை மாற்றும் நெம்புகோல் தண்டவாள ஓரத்திலேயே இருக்கும். பணியாளர் இறங்கிச் சென்று, பூட்டைத் திறந்து, கையால் மாற்ற வேண்டும். பிறகு இரயில் ஆளின் நடை வேகத்தைவிடச் சற்றே கூடுதலாக நகரும். தண்டவாளத்தை முட்செடிகள் மூடியிருக்கலாம். கிளைகள் சன்னலில் உரசும். ஆளில்லாக் கடவுப் பாதைகளில் பணியாளர் முன்னே இறங்கி, வாகனங்களை நிறுத்தி, வண்டியைக் கடக்க விடுவார். இப்படி நான்கைந்து கிலோமீட்டரைக் கடக்க ஒரு மணி நேரம் ஆகக்கூடும்.

பாதுகாப்பு முறை: முட்டுச் சந்தாக முடியும் கிளைகளில் ஒரு நேரத்தில் ஒரே வண்டிதான் அனுமதிக்கப்படும். அதற்கான கோலோ டோக்கனோ கையில் இருந்தால் மட்டுமே ஓட்டுநர் உள்ளே செல்ல முடியும். ஒன்று உள்ளே இருக்கும்போது மற்றொன்று நுழைய வழியே இல்லை. இந்திய இரயில்வேயின் பொது விதிகளிலும் ஒற்றை வண்டி முறை தனியாக வரையறுக்கப்பட்டுள்ளது.

இறுதி எல்லை: சரக்குப் பாதையில் நடைமேடை இல்லாததால் பயணிகள் இறங்க முடியாது. கதவுகள் பூட்டியே இருக்கும். பாதையின் கடைசி அங்குலம் வரை வண்டி போகுமா, கேட்டுக்கு வெளியே நின்றுவிடுமா என்பதே அன்றைய பரபரப்பு. நின்ற இடத்தைத் தொலைவுக் கல், பாயிண்ட், சிக்னல் கம்பம் ஆகியவற்றை அடையாளமாக வைத்துத் துல்லியமாகக் குறித்துக்கொள்வார்கள். பிறகு பின்முனை இஞ்சின் உறுமத் தொடங்கும். இப்படி ஒரே நாளில் மூன்று, நான்கு கிளைகளுக்குச் சென்றுவிட்டு இரவில் வண்டி புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும்.

இந்தியாவில் உள்ள நடைமுறை

இந்தியாவில் ஒரு சரக்குப் பாதைக்குப் பயணிகளை அழைத்துச் செல்வது சட்டப்படி எளிதல்ல. 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின்படி, மத்திய அரசின் ஒப்புதல் இல்லாமல் எந்தப் பாதையையும் பொதுமக்கள் பயணத்துக்குத் திறக்கக் கூடாது. அதற்கு முன் இரயில்வே பாதுகாப்பு ஆணையர் நேரில் ஆய்வு செய்ய வேண்டும். இந்த ஆணையர் இரயில்வே அமைச்சகத்தின் கீழ் அல்ல, உள்நாட்டு வான்போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறார். இரயிலை ஓட்டுபவரே அதன் பாதுகாப்பையும் சான்றளிக்கக் கூடாது என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம். நிலக்கரி வேகனுக்காக மட்டும் போடப்பட்ட பாதை இந்த ஆய்வைக் கடந்திருக்காது.

பயணிகள் ஓடும் பாதைகளில் சிறப்பு இரயிலை வாடகைக்கு எடுக்க வழி உண்டு. முழுக் கட்டண முறை என்ற பெயரில் இதற்கான பதிவுகளை ஐ.ஆர்.சி.டி.சி. ஏற்கிறது. அது வெளியிட்ட நெறிமுறைப்படி ஒரு பெட்டிக்கு 50,000 ரூபாய் பதிவு மற்றும் பிணைத் தொகையாகக் கட்ட வேண்டும். முழு வண்டி என்றால் 18 முதல் 24 பெட்டிகள். குறைவாக எடுத்தாலும் 18 பெட்டிகளுக்குரிய 9 லட்சம் ரூபாயைக் கட்டியாக வேண்டும். பயண நாளுக்கு 30 நாட்கள் முன்னதாகப் பதிவு முடிந்திருக்க வேண்டும். திருமணக் குழுக்களும் கோயில் யாத்திரைக் குழுக்களும் இதைப் பயன்படுத்துகின்றன. இருநூறு ஆர்வலர்கள் கொண்ட சங்கத்துக்கு இது தாங்க முடியாத செலவு.

ஆகவே இந்தியாவில் ஆர்வலர் பயணம் வேறு வடிவங்களை எடுத்தது. முதலாவது, பாரம்பரிய இரயில். 1855இல் இங்கிலாந்தில் கட்டப்பட்ட ஃபேரி குயின் இஞ்சின் 1997 முதல் தில்லி–ஆல்வார் இடையே சுற்றுலா வண்டியை இழுத்தது. அதே ஆண்டில் கட்டப்பட்ட அதன் உடன்பிறப்பான ஈ.ஐ.ஆர். 21 இஞ்சின் பெரம்பூர்ப் பணிமனையில் சீரமைக்கப்பட்டு 2010இல் மீண்டும் ஓடியது. சென்னையில் எழும்பூர்–கோடம்பாக்கம் இடையே சிறப்பு நாட்களில் அது ஓடியபோது தண்டவாள ஓரமெங்கும் மக்கள் திரண்டனர்.

இரண்டாவது, கடைசிப் பயணம். 1992இல் தொடங்கிய ஒரே பாதைத் திட்டத்தால் மீட்டர் பாதைகள் அகலப் பாதைகளாகின. ஒவ்வொரு மீட்டர் பாதை மூடப்படும்போதும் ஆர்வலர்கள் சாதாரணப் பயணச்சீட்டோடு கடைசி வண்டியில் ஏறினர். சென்னைக் கடற்கரை–தாம்பரம் மீட்டர் பாதை மின்தொடர் 2004 ஜூலையில் நின்றது. மலைகளைக் குடைந்து சென்ற செங்கோட்டை–புனலூர் பாதை 2010இல் மூடப்பட்டு, 2018இல் அகலப் பாதையாகத் திறக்கப்பட்டது. இந்தப் பாதைகளின் படங்களும் நினைவுகளும் இன்று ஏராளமாகக் கிடைக்கின்றன. காரணம், அவற்றில் பயணச்சீட்டு வாங்கி ஏற முடிந்தது. அதே காலத்தில் மூடப்பட்ட சரக்கு சைடிங்குகளுக்கு அப்படி ஒரு கடைசி வண்டி இருக்கவில்லை.

ஐயம்பேட்டை வட்டாரப் பாதை

காஞ்சிபுரம் மாவட்டத்து ஐயம்பேட்டை, காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் இடைப்பட்ட நெசவாளர் ஊர். பக்கத்தில் உள்ள முத்தியால்பேட்டையைப் போல இங்கும் தறிச் சத்தம் கேட்கும். தஞ்சாவூர்–கும்பகோணம் பாதையில் உள்ள ஐயம்பேட்டை நிலையம் வேறு. இந்த வட்டாரத்துக்கு உரியவை நத்தப்பேட்டை, வாலாஜாபாத் நிலையங்கள். வாலாஜாபாத்தையும், இராணிப்பேட்டைப் பக்கம் உள்ள வாலாஜா ரோடு நிலையத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இவ்வழியே செல்லும் செங்கல்பட்டு–அரக்கோணம் பாதை ஏறத்தாழ 68 கிலோமீட்டர் நீளமுடையது. இந்தியாவின் இரயில் வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு. இதன் முதல் பகுதியான அரக்கோணம்–காஞ்சிபுரம் பாதையை இந்தியன் டிராம்வே நிறுவனம் 1865இல் திறந்தது. செலவைக் குறைக்க, மூன்றடி ஆறங்குல இடைவெளியில், அதாவது 1,067 மில்லிமீட்டரில் அதை அமைத்தார்கள். இந்தியாவில் வேறெங்கும் பரவாத அளவு அது. அந்த நிறுவனம் பின்னர் கர்நாடிக் இரயில்வே ஆகி, 1874இல் தென்னிந்திய இரயில்வேயில் கலந்தது. அதன்பின் பாதை 1,000 மில்லிமீட்டர் மீட்டர் பாதையாக மாற்றப்பட்டுச் செங்கல்பட்டு வரை நீண்டது. இன்று அது 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதை. ஒரே தடம் மூன்று அளவுகளைக் கண்டிருக்கிறது.

பயணிகள் வண்டி இங்கே ஓடினாலும் சரக்குக்கும் இப்பாதை இன்றியமையாதது. அரக்கோணம் பக்கமிருந்து விழுப்புரம் பக்கம் செல்லும் சரக்கு வண்டி சென்னை நகருக்குள் நுழையாமல் இவ்வழியே போகலாம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதிகளில் உருவாகும் கார்கள் வாலாஜாபாத் நிலையத்தில் இரயில் ஏறுகின்றன. அவற்றை ஏற்றும் வண்டிகளில் ஒரு வகை கவனிக்கத்தக்கது. பயணிகள் சேவையிலிருந்து ஓய்வுபெற்ற பழைய பெட்டிகளின் இருக்கைகளைக் கழற்றி, சன்னல்களைத் தகடு வைத்து மூடி, முனைகளில் கதவு வைத்து, கார் ஏற்றும் வேகனாக மாற்றுகிறார்கள். ஒரு பெட்டியில் ஐந்து கார் வீதம் 25 பெட்டி கொண்ட ரேக்கில் 125 கார்கள் போகும். பெரம்பூரில் பிறந்து, பல ஆண்டுகள் மக்களைச் சுமந்த பெட்டி, தன் இரண்டாம் பிறவியில் கார்களைச் சுமந்து நிற்பதை வாலாஜாபாத்தில் காணலாம்.

ஒரு நாளில் பார்க்கக்கூடியவை

சிறப்பு இரயில் இல்லாமலே, சாதாரணப் பயணச்சீட்டில் இப்பாதையை ஒரு நாளில் பார்த்துவர முடியும். சரக்கு இரயிலின் இயக்கத்தை அறிய விரும்பும் மாணவர்களுக்கு இது நல்ல களம்.

சென்னையிலிருந்து வரும்போது செங்கல்பட்டுக்குச் சற்று முன் கொளவாய் ஏரி தண்டவாளத்தை ஒட்டி விரியும். செங்கல்பட்டில் பாதை மேற்கே திரும்பி, ரெட்டிப்பாளையம், வில்லியம்பாக்கம், பாலூர் வழியாகப் பாலாற்றை நெருங்குகிறது. பழையசீவரத்துக்கு எதிர்க்கரையில் உள்ள திருமுக்கூடலில் பாலாறு, செய்யாறு, வேகவதி ஆறுகள் கூடுகின்றன. அங்குள்ள பெருமாள் கோயிலில், மருத்துவமனை ஒன்றின் நிர்வாகத்தை விவரிக்கும் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு உள்ளது.

அடுத்து வாலாஜாபாத். இங்கே சரக்குக்கான தடங்களையும் பயணிகள் தடத்தையும் நடைமேடையில் நின்றபடியே பிரித்தறியலாம். ஒற்றைப் பாதை என்பதால் எதிரெதிர் வண்டிகள் நிலையத்தில்தான் ஒன்றையொன்று கடக்க முடியும். எதிர்வண்டிக்காகச் சரக்கு ரேக் லூப் லைனில் காத்து நிற்கும் காட்சி, கால அட்டவணை எப்படி உருவாகிறது என்பதைப் புரியவைக்கும். நத்தப்பேட்டை, கிழக்குக் காஞ்சிபுரம், காஞ்சிபுரம் அடுத்தடுத்து வருகின்றன. இங்கே இறங்கி ஐயம்பேட்டைத் தறிகளையும் காஞ்சிக் கோயில்களையும் பார்த்துவிட்டு அடுத்த வண்டியைப் பிடிக்கலாம். ஆனால் வண்டிகள் அடிக்கடி இல்லாததால் நேரத்தை முன்கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திருமால்பூருக்கு அப்பால் தக்கோலம். 949இல் சோழ இளவரசன் இராசாதித்தன் இராட்டிரகூடரோடு போரிட்டு மாண்ட களம் இது. தக்கோலத்துக்கும் அரக்கோணத்துக்கும் இடையே ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை வான்தளம் உள்ளது. விமானங்கள் தாழப் பறக்கும் இடத்தில் உயரமான மின்கம்பங்கள் நிற்கக் கூடாது. இதனால் இப்பகுதியை மின்மயமாக்குவது தாமதமாகி, பாதைக்கு மாற்றுத் தடம் தேவைப்பட்டது. அரக்கோணத்தில் பயணம் முடிகிறது. அங்குள்ள மின்சார லோகோ பணிமனையும், ஓயாது நகரும் சரக்கு ரேக்குகளும் அந்த ஊரை இரயில்வே ஊராக வைத்திருக்கின்றன.

தண்டவாளத்தில் இறங்குவதும், யார்டுக்குள் அனுமதியின்றி நுழைவதும் இரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். நடைமேடை, மேம்பாலம், கடவுப் பாதையின் வெளிப்புறம் ஆகிய இடங்களிலிருந்து பார்ப்பதே முறை. மின்சாரப் பாதையில் கம்பிக்கு 25,000 வோல்ட் அழுத்தம் உண்டு. படம் எடுப்பதற்காகப் பெட்டியின் மேல் ஏறி உயிரிழந்தவர்கள் உண்டு.

சரக்குப் பாதையின் மீட்சி

சரக்கு மட்டும் ஓடிய பாதைகள் மீண்டும் மக்களுக்குத் திறக்கப்பட்ட எடுத்துக்காட்டுகள் பல. இங்கிலாந்தின் நியூகாசில்–ஆஷிங்டன் பாதையில் பயணிகள் சேவை 1964இல் நின்றது. நிலக்கரி வண்டிகள் ஓடியதால் தண்டவாளம் தப்பியது. அறுபது ஆண்டுகளுக்குப் பின் 2024 டிசம்பரில் பயணிகள் இரயில் திரும்பியது. டெவன் மாவட்டத்து ஓக்ஹாம்ப்டன் பாதையும் 1972இல் பயணிகள் சேவையை இழந்து, கல்குவாரியால் உயிர்பிழைத்து, 2021 நவம்பரில் வழக்கமான சேவையை மீண்டும் பெற்றது. இவ்விரண்டு பாதைகளும் மீண்டதற்கு உள்ளூர் மக்களின் நீண்ட கோரிக்கையும் அரசின் நிதியுமே முதன்மைக் காரணங்கள். ஆர்வலர் சுற்றுலாக்களின் பங்கு வேறு வகையானது. இந்தப் பாதையில் பயணிகள் பெட்டி போக முடியும் என்பதை அவை கண்கூடாகக் காட்டின. பாதை ஒன்று இருக்கிறது என்பதையும் ஊராருக்கு நினைவூட்டின.

தமிழ்நாட்டில் திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி பாதை இதற்கு அருகில் வருகிறது. வேதாரண்யம் உப்பளப் பகுதிக்குச் சென்ற அந்த 37 கிலோமீட்டர் மீட்டர் பாதை மூடப்பட்டு, நீண்ட காத்திருப்புக்குப் பின் அகலப் பாதையாகி, 2023 ஏப்ரலில் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. தடத்துக்கான நிலம் இரயில்வேயிடமே இருந்ததும், மக்கள் அதை மறக்காமல் கேட்டுக்கொண்டிருந்ததும் இதற்கு உதவின. தடத்துக்கான நிலம் ஒருமுறை கைமாறிவிட்டால் மீட்பது மிகக் கடினம்.

விமரிசனங்கள்

இத்தகைய சுற்றுலாக்களுக்கு எதிர்ப்பும் உண்டு. சரக்கு வண்டிகளுக்குரிய நேரத்தை ஒரு பொழுதுபோக்கு வண்டி எடுத்துக்கொள்கிறது என்பது முதல் வாதம். இந்தியாவில் இவ்வாதத்துக்கு வலு அதிகம். ஒற்றைப் பாதையில் ஒரு சிறப்பு வண்டி நுழைந்தால், அலுவலகம் செல்வோரின் வண்டியும் லூப் லைனில் நிற்க நேரிடலாம். செலவு இரண்டாவது. இரண்டு இஞ்சின்களோடு பெரும்பாலும் காலியான ஊர்ப்புறப் பாதையில் ஊர்ந்து செல்ல ஒவ்வொருவரும் பெருந்தொகை செலுத்த வேண்டியிருப்பதால், இது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்காகிவிடுகிறது. அதை ஓரளவு ஈடுகட்ட, சில சங்கங்கள் பயணத்தில் திரளும் நிதியை அறக்கட்டளைகளுக்கு அளிக்கின்றன.

இந்திய நிலைமைக்குப் பொருந்தக்கூடிய வழி, புதிய வண்டி விடுவது அல்ல, ஆவணப்படுத்துவது. நிலைய அதிகாரியிடம் முறைப்படி அனுமதி பெற்று, சரக்கு நிலையத்தின் தடங்களை வரைபடமாக்கலாம். ஓய்வுபெற்ற கார்டு, பாயிண்ட்ஸ்மேன், கேங்மேன், சுமைப் பணியாளர்களிடம் கேட்டுப் பதியலாம். வாலாஜாபாத்தில் கார்களுக்கு முன் என்ன ஏறியது, மீட்டர் பாதைக் காலத்தில் நெல்லும் நூலும் எந்த வண்டியில் போயின, அகலப்படுத்தியபோது எந்த சைடிங் மறைந்தது என்பதையெல்லாம் சொல்லக்கூடியவர்கள் அவர்களே. காஞ்சிபுரம் பாதையின் 1865ஆம் ஆண்டுத் தண்டவாளத்தில் பயணித்தவர் எவரும் இன்று இல்லை. மீட்டர் பாதைக் காலத்தில் அதில் வேலை பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பள்ளி, கல்லூரி மாணவர்கள் உள்ளூர் வரலாற்றுத் திட்டப்பணியாகவே இதை எடுத்துச் செய்ய முடியும்.